மலாக்காவில் வெள்ளிக்கிழமை வேலை நாள்

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழாவது மாதம் எங்கள் ஜொகூர் மாநிலத்தில் வார விடுமுறை மாறியது. சனி, ஞாயிறு போய் வெள்ளி, சனி ஆனது. நான் பெர்மாஸ் ஜெயா பக்கத்தில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் கிராணி, குமாஸ்தா வேலை. எனக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. என் கணவர் குணாளனுக்குச் சிங்கப்பூரில் ஏர்கண்டிஷன் ரிப்பேர் வேலை. அவருக்கு ஞாயிறு மட்டும். அன்றிலிருந்து பத்து வருஷமாக எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு விடுமுறை நாள் கிடையாது. நான் சொல்வது 2024-இல் நடந்தது, விடுமுறை பழையபடி மாறுவதற்கு முன்னால்.

பண்டிகை நாள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. தீபாவளிக்கு லாபிஸில் மாமியார் வீட்டில் இருபத்திரண்டு பேருக்கு நடுவில் அவரைப் பார்ப்பேன். அவர் ஆண்கள் பந்தியில் சாப்பிடுவார், நான் அடுப்படியில் வடை தட்டுவேன். அதைச் சேர்ந்திருப்பது என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. குழந்தை இல்லையா என்றும் கேட்பார்கள். இல்லை. அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

மற்ற நாட்களில் அவர் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடல் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போவார். திரும்பி வரும்போது முகத்தில் புகையும் தூக்கமும்தான் இருக்கும். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் "ம்" என்பார். அந்த "ம்"மிலேயே பாதித் தூக்கம் இருக்கும். மனிதர் மோசமில்லை. நல்லவர்தான். நல்லவராக இருப்பதற்கும் அருகில் இருப்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது.

அதிலும் கோவிட் வந்தபோது எல்லையை மூடப்போகிறார்கள் என்றதும் முதலாளி அங்கேயே தங்கச் சொன்னார். "ரெண்டு வாரம்தானே ஷாமளா," என்று ஒரு பையோடு போனவர் இருபது மாதம் கழித்து வந்தார். அவர் தங்கியிருந்த சிங்கப்பூர்ச் செம்பவாங், எங்கள் கரையில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் அந்தப் பக்கத்துக் கரைக்கு வந்து ஒரு மஞ்சள் குடையை விரிப்பார். ஒரு மஞ்சள் புள்ளி, அவ்வளவுதான். நான் கிளினிக்கிலிருந்து நேராகப் போய் அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடுவேன்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஒரு தடவையாவது இந்த மனிதரோடு எங்கேயாவது போக வேண்டும். சொந்தக்காரர்கள் இல்லாத ஊர், பாலம் இல்லாத ஊர். சிங்கப்பூரை வெளிநாடு என்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். நிஜமான வெளிநாடாக இருக்க வேண்டும்.

ஆகஸ்டு ஒன்பது சிங்கப்பூர் தேசிய தினம். அந்த வருஷம் அது வெள்ளிக்கிழமையில் விழுந்தது. அதை ஒட்டி இருவரும் ஒரு வாரம் லீவு எடுத்தால் ஒன்பது நாள் கிடைக்கும். ஜனவரியிலேயே கண்டுபிடித்து, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். "எங்க போறோம்?" என்றார். "ம்" என்று சொல்லவில்லை. எனக்கு அதுவே பெரிய காரியமாக இருந்தது.

ஏழு மாதம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். எங்கள் பக்கத்து செனாய் விமான நிலையத்திலிருந்து பாங்காக். அங்கே இரண்டு நாள். பிறகு சியாங் மாய், அங்கிருந்து ஹனோய், ஹனோயிலிருந்து கோலாலம்பூர். மலிவு விலை போடும் நாளுக்குக் காத்திருந்து ஒவ்வொரு டிக்கெட்டாக வாங்கினேன். பணம் திரும்பாத டிக்கெட்தான் மலிவு, எல்லாமே அப்படி. பெட்டிக்குத் தனிக் காசு என்பதால் ஆளுக்கு ஏழு கிலோ பை. ஹனோயில் வாய்க்கு ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்று இக்கான் பிலிஸ் என்ற நெத்திலிச் சம்பலை வறட்சியாகக் கிளறி டப்பாவில் அடைத்தேன்.

நோட்டில் எல்லாவற்றையும்விட நான் அதிகம் புரட்டிய பக்கம் பாங்காக்கிலிருந்து சியாங் மாய் போகும் ரயில். சாயங்காலம் கிளம்பி மறுநாள் காலை போய்ச் சேரும். படுக்கையை இறக்கும்வரை ஜன்னல் ஓரத்தில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். எழுந்து போக இடமில்லை. அவசரமாக ஓட வேலையில்லை. ஒரு முழு சாயங்காலம் அவர் முகம் எனக்கு எதிரே இருக்கும். பாங்காக் கோயில்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தலையாட்டினேன். மனசெல்லாம் அந்த ஜன்னலில்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஜூனில் பாஸ்போர்ட் விவரம் எழுத, வேலையிலிருந்த அவருக்குப் போன் செய்தேன். என்னுடையதைப் புதிதாக எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் தன் நம்பரை மனப்பாடமாகச் சொன்னார்.

"எக்ஸ்பைரி?"

"அடுத்த வருஷம் ஜனவரி."

"ஏங்க, ஆறு மாசம் இருக்கணும்னு போட்டிருக்கான். ஆகஸ்டுல பார்த்தா அஞ்சு மாசம்தானே வருது?"

"அலமாக், நான் தினமும் இதை வச்சுத்தான் போறேன் வரேன். ஒரு நாளாவது யாராவது கேட்டிருக்கானா? போன வாரம் நம்ம ஐயாசாமி மூணு மாசம் பாக்கி வச்சுக்கிட்டு வேலைக்கு வந்தான். அதோட இந்தப் பாஸ்போர்ட்டு ரெண்டு வருஷம் பெட்டிக்குள்ள தூங்கிச்சு லா. இன்னும் புதுசுதான்."

நான் நம்பிவிட்டேன். ஆயிரம் பேருடைய கார்டைச் சரிபார்க்கும் கிராணி நான், எழுதியிருந்ததை என் கண்ணால் படித்தும் நம்பினேன். எங்கள் வீட்டில் வெளிநாட்டு விஷயத்துக்கு அவர்தான் அதிகாரி. தினமும் போய் வருகிறவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப்போகிறது?

செனாய் விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் அவருடைய பாஸ்போர்ட்டை ஒரு தடவை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். ஆறு மாதம் இல்லை, ஏற்ற முடியாது என்று மலாயில் தன்மையாகச் சொன்னாள். இவர் தன் பாலத்துக் கதையைச் சொன்னார். அங்கே வேலை பெர்மிட் இருப்பதால் விடுகிறார்கள், தாய்லாந்தில் உங்களுக்கு என்ன பெர்மிட் இருக்கிறது என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். என் பாஸ்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. நான் மட்டும் போகலாம்.

அவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். முகம் வெளுத்திருந்தது.

"நீ போ ஷாமளா. ரூம் இருக்கு, டிக்கெட் இருக்கு. எதுக்கு எல்லாத்தையும் வீணாக்கணும்? இன்னிக்கு வெள்ளி, நாளைக்குச் சனி. ஞாயித்துக்கிழமை இமிகிரேஷன் திறந்ததும் புதுசு எடுத்துட்டு நான் பின்னாடியே வந்துடறேன். ரெண்டு நாள்தானே."

"ரெண்டு வாரம்தானேன்னுதான் அப்பவும் சொன்னீங்க."

அவர் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"இருபது மாசம் தண்ணிக்கு இந்தப் பக்கம் நின்னு குடையைப் பார்த்தேன். இப்ப நான் அந்தப் பக்கம் போய் நின்னு உங்களுக்காகக் காத்திருக்கணுமா? காத்திருக்கிறதுக்கு டிக்கெட் எதுக்குங்க? அதை வீட்டிலேயே சும்மா செய்யலாமே. நான் போகல."

சத்தமாகத்தான் பேசிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வெள்ளிக்கிழமைகளில் நான் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது மலாக்காவிலிருந்து யாராவது ஆஸ்பத்திரிக்காரர் பழைய ரெக்கார்டு கேட்டுப் போன் செய்வார். இன்று எங்களுக்கு லீவு என்று ஒவ்வொரு தடவையும் எரிச்சலோடு சொல்வேன். வெள்ளிக்கிழமை ஜொகூருக்குத்தான் லீவு. மலாக்கா பக்கத்து மாநிலம், அங்கே அது வேலை நாள்.

"காரை எடுங்க," என்றேன்.

நெடுஞ்சாலையில் சிம்பாங் ரெங்கம் தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

"திட்டிடு," என்றார்.

"திட்ட மாட்டேன்."

"திட்டினா எனக்கு நல்லா இருக்கும்."

ஆயர் ஈத்தாமில் ஆரம்பித்தேன். பாகோ வரை திட்டினேன். பாஸ்போர்ட்டில் தொடங்கி, அவர் சட்டைப் பையில் விடும் திருகாணிகள், மறந்துபோன என் பிறந்த நாட்கள், அந்த "ம்" என எல்லாம் வந்தது. அவர் சாலையைப் பார்த்தபடி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். எனக்கும் கொஞ்சம் நல்லாத்தான் இருந்தது.

மலாக்கா இமிகிரேஷனில் காலை நேரத்து வரிசை எண்களில் கடைசிக்கு முந்தினது கிடைத்தது. பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டார்கள். படம் எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்று அதிகாரி சொன்னார். சிரிக்கிற நிலையில் இவர் இல்லை. வெள்ளித் தொழுகைக்கு அலுவலகம் மூடினார்கள். பிறகு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, ரொட்டி வாங்கி, ஹனோய்க்கு வைத்திருந்த சம்பலைத் தொட்டுத் தின்றோம். அந்நேரம் எங்கள் இரண்டு சீட்டும் ஆளில்லாமல் பாங்காக்கில் இறங்கியிருக்கும்.

மூன்றே முக்காலுக்குப் புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. நான் காரில் உட்கார்ந்து போனில் தேடினேன். மறுநாள் பாங்காக் போக இடம் இருந்தது, நாங்கள் கொடுத்ததைப் போல நாலு மடங்கு விலையில். அதைக் கொடுத்தால் ஹனோயில் பட்டினி கிடக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து நேராக ஹனோய் போக மலிவான டிக்கெட் ஞாயிறு சாயங்காலம்தான் இருந்தது. அதையே வாங்கினேன். பாங்காக் போச்சு. சியாங் மாய் போச்சு.

நோட்டில் அந்த ரயில் பக்கத்தைக் குறுக்கே அடிக்கப் பேனாவை எடுத்தேன். கை போகவில்லை. அழுகை வந்துவிட்டது. கார் நிறுத்துமிடத்தில், பட்டப்பகலில், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

"இன்னொரு தடவை பாங்காக் போலாம் லா," என்றார் அவர்.

"எனக்குப் பாங்காக் வேணாம். அந்த ட்ரெயின்தான் வேணும்."

"ட்ரெயின்ல என்ன இருக்கு?"

சொன்னேன். ஜன்னலைச் சொன்னேன், எதிரெதிர் சீட்டைச் சொன்னேன், எழுந்து போக இடமில்லை என்பதையும் சொன்னேன். முட்டாள்தனமாக இருந்தது. ஆனாலும் முழுவதும் சொன்னேன். அவர் என்ஜினை நிறுத்தினார்.

"இதை நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே, ஷாமளா."

"எப்ப சொல்றது? எந்தக் கிழமையில?"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் கண்ணும் கலங்கியிருந்ததைப் பார்த்தேன்.

மலாக்காவிலேயே ஒரு கடைக்கு மேலே மலிவாக அறை கிடைத்தது. சனிக்கிழமை வெயிலில் சுற்றினோம். அவர் வேகமாக நடந்துவிட்டு, திரும்பிப் பார்த்து நிற்பார், நான் போய்ச் சேருவேன். பத்து வருஷமாக ஒன்றாக நடக்காதவர்களுக்கு ஒரே நடை எப்படி வரும்? சாயங்காலம் ஆற்றோரத்தில் தேநீர் குடிக்கும்போது போனை எடுத்துப் பாலத்தில் ஜேம் எவ்வளவு என்று பார்த்தார். நான் முறைத்ததும் அசடு வழியப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியை நகர்த்தி எனக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. தேநீர் ஆறிப்போனது. ஏசி மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு விளக்க ஆரம்பித்தார். கடைசிவரை கேட்டேன். ஒன்றும் புரியவில்லை. அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவர் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் நான் முதலில் எழுந்துவிட்டேன். எழுந்து போக ஓரிடமும் இல்லாததால் அப்படியே படுத்திருந்தேன். ஜன்னல் திரை ஓரத்தில் வெயில் வந்துவிட்டது. கீழே கடைக்காரர் கதவைத் தூக்கும் சத்தம் கேட்டது. காதோரம் அவருக்கு இவ்வளவு நரைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்கு அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டதுபோல எழுந்து உட்கார்ந்தார்.

"ஷாமளா! மணி எட்டாச்சு. ஞாயித்துக்கிழமை, கிளினிக் போகலையா?"

"இன்னிக்கு லீவு."

அவர் இன்னும் முழுதாக விழிக்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேருக்குமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.