ஓரத்தில் எழுதிய சொல்

1

இந்தக் கதை ஒரு தாளின் ஓரத்தில் பிறந்தது. அதை மறைத்துக் கெட்டிக்காரத்தனம் காட்ட எனக்குத் தெம்பில்லை. நோயில் எழ முடியாமல் படுக்கையில் கிடந்த பிள்ளைகளை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட பெற்றோரைப் பற்றி ஒரு பெண் ஆய்வு செய்தாள். அப்படிக் கிடந்த எங்கள் மகன் இறந்த மறுவருடம் என்னைப் பேசவைத்துப் பதிவு செய்தாள்.

2

முதல் தொடக்கம்: ‘கல்நெஞ்சக்காரியான அந்த ஆய்வாளர் கதவைத் தட்டியபோது—’

(அடித்துவிட்டேன். என் பேச்சைத் தட்டச்சு செய்யும்போது எழுந்து எழுந்து போய் முகம் கழுவினாளாம். கல்நெஞ்சாவது, மண்ணாவது.)

3

இந்த ஆய்வுக்காரர்கள் வேலை இப்படி. (கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.) பேசியதைப் பெருமூச்சு உட்பட எழுத்தில் இறக்குவார்கள். வரிவரியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு பெயர் வைப்பார்கள். ஒரே பெயருள்ளவற்றைச் சேர்த்து அடுக்குவார்கள். கடைசியில் பேசியவரிடமே காட்டி, சரியா என்று கேட்பார்கள்.

அப்படிக் கேட்கத்தான் வந்தாள். நான் மூக்குக்கண்ணாடி தேடப் போன நேரத்தில், மேசைமேல் இருந்த தாளை என் மனைவி எடுத்துப் படித்துவிட்டாள்.

என் வரி: ‘அவன் போனப்புறம்தான் ராத்திரி நல்லாத் தூங்குறேன்.’

ஓரத்தில்: நிம்மதி.

4

மனைவி அழுவதாக ஒரு முடிவு எழுதினேன். தாளைக் கிழிப்பதாக இன்னொன்று. இரண்டும் பொய்.

பதறியது ஆய்வுப் பெண்தான். தப்பென்றால் மாற்றிவிடலாம் என்றாள். ‘துக்கம்’ என்று போடச் சொல்லியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். ஆனால் அவள் வைத்த பெயர் சரி. அதுதான் என் வயிற்றெரிச்சல். பெற்ற பிள்ளையை வாரிக்கொடுத்துவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினேன்.

மனைவி தாளை மேசையில் வைத்தாள்.

“என்னை ஏம்மா நீ கேக்கவே இல்ல?”

வீட்டுக்கு ஒருவரிடம் மட்டுமே பேச வேண்டும், அது விதி என்று அந்தப் பெண் தலைகுனிந்து சொன்னாள்.

“சரி, உனக்கு விதி. இவருக்கு என்ன?”

5

இங்கே மனைவி மனம்விட்டுப் பேசும் பத்தி வர வேண்டும். ‘அன்று மாலை அவள் சொன்னாள்—’

என்ன சொன்னாள்? நான் கேட்டால்தானே! பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். போய்க் கேட்கப் பயமாக இருக்கிறது. அவளும் தூங்கினாள் என்றால் தாங்கிக்கொள்வேன். தூங்காமலே கிடந்தாள் என்றால்? பக்கத்தில் படுத்து, இத்தனை நாளும் என் குறட்டையைக் கேட்டுக்கொண்டே

(இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகாது.)

எழுந்து போகிறேன். அவள் சொல்வது இந்தக் கதையில் வராது. முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் சொல்லப்போவதற்கு மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள்.