இரவல் சண்டை

வெல்வெட் துணியைத் தடவினால் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். சாய்மானத்தில் வழுக்கும் பக்கம் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்பது சோபாக்காரரின் கட்சி. அப்படித்தான் வெட்டியிருக்கிறேன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பாருங்கள் என்பது அவர் மனைவியின் கட்சி. தெருவில் அவளைச் சோபாக்காரம்மா என்பார்கள். அவர் வாயில் ஆணிகள் இருந்தன. உதட்டுக்குள் ஒதுக்கி வைத்து ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பது அந்தத் தொழிலின் பழக்கம். அதனால் தன் பங்குச் சண்டையைச் சுத்தியலை ஆட்டியே போட்டுக்கொண்டிருந்தார்.

சுத்தியல் விழுந்தது. பின்னாலேயே அவரும் விழுந்தார்.

ஆணி தொண்டையில் சிக்கிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். வாயைப் பிளந்து, விரலை விட்டுத் துழாவி, ஆணிகளை எடுத்து எடுத்துத் தரையில் போட்டாள். இன்னும் ஒன்று இருக்கிறது, இன்னும் ஒன்று இருக்கிறது என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோது, மெத்தை உறை வாங்கிப்போக வந்த அவருடைய அக்கா உள்ளே நுழைந்தாள். நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள். தம்பியின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். தம்பி மனைவியை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, நெஞ்சின்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்கினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை.

நின்றுபோயிருந்தது இதயம். தொண்டையில் ஒன்றுமே இல்லை.

"அழுத்தினது யாரு?" என்று கேட்டார் டாக்டர். அக்காவைக் காட்டினார்கள். "உங்க தம்பிக்கு நீங்கதாம்மா உயிர் கொடுத்தீங்க." சோபாக்காரம்மாவும் பக்கத்தில்தான் நின்றாள். அவளிடம் அவர் கேட்டதெல்லாம், நோயாளி வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்பதுதான்.

சோபாக்காரர் பிழைத்து வந்தார். பயமும் கூடவே வந்துவிட்டது. ஏப்பம் வந்தாலும் முகம் வெளுத்தது. ஆணிகள் வாயிலிருந்து கிண்ணத்துக்கு மாறின. மதியம் சாப்பிட்ட பிறகு, அது நடந்த நேரம் நெருங்க நெருங்க, சுத்தியலை வைத்துவிட்டு வாசலையே பார்ப்பார்.

"அக்கா வரட்டும்."

"ஏன், நான் இல்லையா?"

"நீ இருக்கே. இருந்தாலும் அக்கா வரட்டும்."

அவள் அண்ணி என்று கூப்பிடும் அந்த அக்கா வருவாள். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காருவாள். அவ்வளவுதான், அவர் தோள் தளரும், சுத்தியல் ஓடும். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளால் கொடுக்க முடியாத நிம்மதியை ஒருத்தி சும்மா உட்கார்ந்தே கொடுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? இருமினாலும் அக்காவைப் பார்த்துத்தான் இருமினார். டாக்டர் அறைக்குள் அக்கா போனாள். இவள் பையோடு வெளியே உட்கார்ந்தாள். அண்ணிக்குப் போடும் காபியில் அரைக் கரண்டி சர்க்கரையைக் குறைத்துப் பார்த்தாள். அண்ணி அதைக் கவனிக்காமலே குடித்துவிட்டுப் போனதில் எரிச்சல் இரட்டிப்பானது.

கடைசியில் ரோஷம் தாங்காமல் ஒரு காலையில் நீச்சல் குளத்துக்கே போய் நின்றாள். அண்ணி தண்ணீர் ஓரத்தில் இல்லை. டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குள் இருந்தாள்.

"அழுத்துறதை எனக்கும் சொல்லிக் குடுங்க அண்ணி. அப்புறம் நீங்க தினமும் அலைய வேண்டாம்."

"என்னைத் துரத்துறதுக்கா?"

"ஆமா."

அண்ணி சிரித்துவிட்டாள். பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தி, மண்டியிட்டு, அதன் நெஞ்சில் கையை வைத்தாள். கை அழுத்தவில்லை.

"நீயே பண்ணு. நான் சொல்றேன்," என்று நகர்ந்துகொண்டாள். "அன்னிக்கு அவன் எலும்பு ஒண்ணு என் கைக்குக் கீழே முறிஞ்சுது. அந்தச் சத்தம் இன்னும் போகலை. குளத்துல எவனாவது தலை முங்கினாலே எனக்குக் கை கால் ஓட மாட்டேங்குது. அதான் டிக்கெட் கிழிக்கிறேன்."

"அப்ப கடைக்கு வர்றது?"

"அவனுக்காகன்னு நினைச்சியா? ஒரு தடவை கண்ணால பார்த்தாத்தான் எனக்கு மூச்சு வருது." பொம்மையைத் தம்பி மனைவி பக்கம் நகர்த்தினாள். "உன்னைப் பார்த்தா எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா?"

"என்னைப் பார்த்தா?"

"உன்கிட்ட சண்டை போடுறானே! துணியைக் கெடுத்துட்டேன்னு அவன் கத்துறான், நீயும் பதிலுக்குக் கத்துறே. நான் வந்தா 'வா அக்கா, உட்காரு அக்கா'. இதுக்கு முன்னாடி என்னைக்காவது என்னை மதிச்சிருக்கானா அந்தப் பய? எனக்கு ஒரு தம்பி இருந்தான். இப்ப ஒரு நோயாளிதான் இருக்கான்."

சோபாக்காரம்மா மண்டியிட்டாள். குனிந்து அழுத்தினாள்.

"பத்தாது, இன்னும் ஆழமா. அவன் மேல உள்ள கோபத்தை நினைச்சுக்கோ."

"உங்க மேல உள்ளதே போதும் அண்ணி."

சரியான ஆழத்துக்கு அழுந்தியதும் பொம்மைக்குள் டக்கென்று ஒலித்தது. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மதியம், "எனக்கும் அழுத்தத் தெரியும்," என்று கணவரிடம் சொன்னாள்.

"நீயா? ஓடுற நெஞ்சையே நிறுத்திடுவே," என்றார். சொல்லிவிட்டு வாசலைத்தான் பார்த்தார்.

அண்ணி வந்தாள். "வா அக்கா, உட்காரு அக்கா." அண்ணியின் முகம் சுருங்கியதைச் சோபாக்காரம்மா முதல் தடவையாகப் பார்த்தாள். தன் சண்டையைக் கொடுக்க மனசே வரவில்லை. இருந்தாலும் கொடுத்தாள்.

"ஏங்க, நீங்க தைச்ச இந்த ஓரம் கோணலா இருக்குன்னு அண்ணி சொன்னாங்க."

பச்சைப் பொய். சுத்தியல் நின்றது. அண்ணி ஒரு கணம் அவளைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"ஆமாண்டா. குடிச்சிட்டுத் தைச்ச மாதிரி இருக்கு."

"உனக்கு என்னடி தெரியும் தையலைப் பத்தி? தண்ணிப் பூதம்!"

"யாருடா பூதம்? எந்திரிச்சு வந்தேன்னா..."

"வாயேன் பார்ப்போம்!"

இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினார்கள். அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தண்ணிப் பூதம் என்ற அந்தப் பட்டப்பெயரைச் சோபாக்காரம்மா இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தன்னிடம் இருந்த ஒன்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டோமே என்ற எரிச்சலில் கத்திரிக்கோலை எடுத்து, வெட்ட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு துண்டை வெட்டினாள்.

சாயங்காலம் அண்ணி கிளம்பினாள். தெருமுனையில் அவள் மறையும்வரை அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஷட்டரை இழுத்துப் பூட்டியது, எப்போதும்போல, சோபாக்காரம்மாதான்.