மைதானம் சாய்ந்த வருடம்

கோவில்பட்டிக்கு மேற்கே உள்ள ஒரு பெண்கள் கல்லூரியின் ஹாக்கி மைதானம், 2023 ஆவணி மாதம் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலே காலுக்கு, ஒரு பக்கமாக ஒன்றரை அடி சாய்ந்தது. சர்வேயர் வந்து இரண்டு தடவை அளந்தார். கரிசல் மண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும், ஆள் கூடி எதிர்பார்த்தால் சாயும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்த வாரம் உளுந்து விலை இறங்கியிருந்ததால் ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

முந்தின வருடம் கோல் கோலாக அடித்துத் தள்ளிய முன்வரிசைப் பெண்கள் ஐந்து பேருக்கும் ஒரே மாதத்தில் ரயில்வேயிலும் போலீசிலும் வேலை கிடைத்துவிட்டது. அவர்கள் இடத்துக்கு முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு பேர் கபடி, இரண்டு பேர் ஓட்டப்பந்தயம். நடுவில் ஆட வந்த பிரித்திகா பள்ளிக்கூடத்தில் கோல் கீப்பர். கோலைத் தடுத்துப் பழகியவளே தவிர, போட்டுப் பழகியவள் இல்லை. பயிற்சியாளர் உமாதேவி, இந்த வருடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஹாக்கி விஷயத்தில் கோவில்பட்டிக்காரர்களுக்குத் தெரியாத ஒரே காரியம் அதுதான். கல்லூரிகளுக்கிடையே நடக்கும் ஐந்து ஆட்டங்களில் முதல் ஆட்டத்தன்று, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சங்கரபாண்டியன் தலைமையில் நானூறு பேர் சிமெண்டுப் படிகளில் உட்கார்ந்து எதிரணியின் கோலை ஒரே நேரத்தில் உற்றுப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் மண் இறங்கிவிட்டது. பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறியதும் அவர்கள் பார்வையும் மாறியது, மைதானமும் மாறிச் சாய்ந்தது.

இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. பந்து தானாக உருண்டு கோலுக்குள் போனது. ஆனால் கோலுக்கு முன்னால் போட்டிருக்கும் அரைவட்டத்துக்குள் தாக்கும் அணியின் மட்டை பந்தில் பட்டால்தான் கோல் என்பது ஹாக்கி விதி. பள்ளத்தில் ஓடும் பந்தைப் பிடிக்க இந்தப் பிள்ளைகளுக்குக் கால் போதவில்லை. பதின்மூன்று பந்து உள்ளே போயிற்று, பதின்மூன்றும் செல்லாது என்று நடுவர் விசில் ஊதினார். எதிரணியால் மேட்டில் பந்தை ஏற்றவும் முடியவில்லை. இப்படியே நாலு ஆட்டம், நாலும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். வேலை இல்லாத நம் கோல் கீப்பர் அந்த நாலு ஆட்டத்தில் பொருளாதாரப் பாடம் முழுவதையும் படித்து முடித்தாள். எல்லாரும் சிரித்தார்கள், பிரித்திகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் சம்பளம் கட்டாமல் படிக்க வந்தவள் அவள். இந்தப் போட்டிகளில் ஒரு கோலாவது போட்டால்தான் அந்த இடம் நிலைக்கும் என்று கல்லூரி எழுதிக் கொடுத்திருந்தது. இல்லாவிட்டால் புதியம்புத்தூர் தையல் யூனிட்டில் அவள் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு மிஷின் காலியாக இருந்தது. பாக்கி ஒரே ஒரு ஆட்டம்.

அவள் நேராகத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, நீங்கள்லாம் உத்துப் பாக்கப் பாக்க பந்து எங்களுக்கு முந்தி ஓடுது. கடைசி மேட்ச்சுக்கு மட்டும் எங்ககிட்ட ஒண்ணும் எதிர்பாக்காதீங்க."

"அது எப்படிம்மா முடியும்? முப்பது வருசமா அங்கன வந்து உக்காருதேன். கண்ணு தானா கோலுக்குப் போவுது."

"அப்ப திரும்பி உக்காருங்க."

சங்கரபாண்டியனுக்குக் கோபம் வந்தது. அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. ஆனாலும் சாயங்காலத்துக்குள் நானூறு பேருக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைசி ஆட்டத்தன்று எல்லாரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். லோடு இறக்கிய லாரி நிமிர்வதுபோல மைதானம் மெல்லச் சமமானது. இடையில் ஒருவர் போன் கேமராவைத் தோளுக்கு மேல் தூக்கிப் பார்த்தார். உடனே நாலு விரற்கடை இறங்கியது. போனைப் பிடுங்கி வைத்தார்கள். தரை சமமாக இருந்ததால் எதிரணி ஒரு கோல் போட்டது. நம் பக்கத்துக் கோலின் பின்பலகையில் பந்து மோதிய சத்தம் கேட்டும் சங்கரபாண்டியன் எதிரே இருந்த செல்போன் கோபுரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருந்தபோது அரைவட்டத்துக்குள் பிரித்திகாவிடம் பந்து வந்தது. முதல் வீச்சில் புழுதிதான் பறந்தது. எந்த இடத்துக்குப் பந்து வந்தால் கோல் கீப்பரின் கால் எட்டாது என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவது வீச்சில் அங்கே அடித்தாள்.

அந்தப் பக்கத்துப் பலகை சத்தம் போட்டது. ஒருவரும் திரும்பவில்லை, ஒருவரும் கத்தவில்லை.

"யாரு அடிச்சா?" என்று சங்கரபாண்டியன் கோபுரத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"நம்ம பிரித்திகாதான் அண்ணாச்சி" என்றார் பின்னால் வந்து நின்ற உமாதேவி.

சங்கரபாண்டியனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது, அவளுடைய இடம் நிலைத்தது. அதிலிருந்து அந்தக் கல்லூரி ஆடும்போது ஊர்க்காரர்கள் திரும்பித்தான் உட்காருகிறார்கள். பலகைச் சத்தத்தை வைத்தே அடித்தது யார், எந்த மூலை என்று சொல்லிவிடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் விசாரித்தால், இங்கே ஹாக்கி இப்படித்தான் பார்ப்பது என்று சொல்லி நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். பிரித்திகா இப்போது மூன்றாம் ஆண்டு. இதுவரை பதினேழு கோல் போட்டிருக்கிறாள். சங்கரபாண்டியன் அவளுடைய ஒரு ஆட்டத்துக்குக்கூட வராமல் இருந்ததில்லை, ஒரு கோலைக்கூடப் பார்த்ததுமில்லை.