ஸ்டோவ்னரில் பிடிபட்ட பந்து

2005ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே ஞாயிறு மாலை, இங்கிலாந்தில் கோலுக்குள் போகவிருந்த பந்து ஒன்றை, ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் ஒன்பதாம் மாடியில் இருந்த செபஸ்ரியன் பிடித்துவிட்டார். பந்து தொலைக்காட்சியின் கண்ணாடி வழியாக வந்தது. கண்ணாடி உடையவில்லை. ஆட்டத்தின் கடைசி நிமிடம் அது. பச்சைச் சட்டை அணியின் முன்னாட்டக்காரர் கோல் காவலரைத் தாண்டி அடித்திருந்தார், கோல் வெறுமையாகக் கிடந்தது. செபஸ்ரியன் இளவயதில் குருநகரில் கோல் காத்தவர். பந்து வந்ததும் சோபாவிலிருந்து இடப்பக்கமாகப் பாய்ந்து, நெஞ்சோடு அணைத்து, கம்பளத்தில் விழுந்து புரண்டார். தேநீர்க் கோப்பை ஒன்று கவிழ்ந்தது. திரையில் ஆட்டக்காரர்கள் புல்லைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். நடுவர் வேறு பந்து கேட்டு வாங்கினார். சிறிது நேரத்தில் விசில் ஊதப்பட்டது. ஒன்றுக்குப் பூச்சியம் என்று பச்சைக்காரர் தோற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கினார்கள். அந்தக் கோல் விழுந்திருந்தால் சமநிலை, சமநிலை என்றால் தப்பியிருப்பார்கள். அணியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இன்றும் யாராவது கதவைத் தட்டுவார்கள்.

அது பருவத்தின் கடைசி நாள். பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கியிருந்தன, ஆகவே ஒஸ்லோவில் கோபமும் ஒரே நேரத்தில் வந்தது. கிழக்குப் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் மின்சாரம் போடாமலே கேத்தல்கள் கொதித்தன. இன்னோரிடத்தில், வெற்றிக்கிண்ணத்தைத் தவறவிட்ட அணியின் விசுவாசி ஒருவர் போட்ட சத்தத்தில், இரண்டு நாளில் வரும் தேசிய தினத்துக்காக வாசலில் கட்டியிருந்த பேர்ச் இலைகள் பழுத்து உதிர்ந்தன. இது ஒக்ரோபரில் நடந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். ஒக்ரோபரில் இலை உதிர்வதை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள் என்பதால் மே மாதம்தான் சரி என்று படுகிறது. எப்படியோ, அன்றைய கோபங்களில் மற்றவையெல்லாம் ஒரு கிழமையில் ஆறிவிட்டன. செபஸ்ரியன் வீட்டுக் கோபம் மட்டும் இரண்டரை வருடம் இருந்தது.

அந்த வீட்டில் அன்று இருந்தவர்களில் முக்கியமானவர் யூஜின். செபஸ்ரியனின் மனைவி புளோறன்ஸின் அண்ணன், லில்லெஸ்ட்ரோமில் இருப்பவர். எண்பதுகளின் முடிவில் மச்சான்மார் இருவரும் நோர்வேயின் வடகோடியில் இருக்கும் ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலை ஒன்றில் எதிரெதிரே நின்று மீன் வெட்டியவர்கள். சூரியன் எழும்பாத மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் இங்கிலாந்து ஆட்டம் காட்டினார்கள். பச்சைச் சட்டைக்காரர் மூன்று கோல் போட்டு வென்றார்கள். அந்த மாதம் ஹம்மர்பெஸ்டில் அவர்கள் கண்ட ஒரே பச்சை அதுதான். அன்று பிடித்த அணியை இருவரும் விடவில்லை. தெற்கே வந்து, மற்றத் தமிழர் எல்லாரும் பெரிய அணிகளின் பின்னால் போனபோதும் விடவில்லை. அணி அதற்குப் பிறகு எதையும் வெல்லவில்லை.

யூஜின் எழுந்து நின்று பந்தைப் பார்த்தார். பந்தில் ஈரமும் புல்லும் ஒட்டியிருந்தன.

“மச்சான், அது எங்கடை கோல்.”

“பந்து வந்தது, பிடிச்சனான். முகத்துக்கு நேரை வாற பந்தை என்ன செய்யச் சொல்லுறாய்?”

“முகத்திலை வாங்கியிருக்கலாம்.”

மூலையில் இருந்த இரத்தினவேல் மேல்மாடிக்காரர், எப்போதும் வெல்லும் அணி ஒன்றின் விசுவாசி. அவர் தொலைக்காட்சியில் செய்திகள் எழுத்தாக வரும் எழுத்துப் பக்கத்தில் மற்ற முடிவுகளைத் தேடிக்கொண்டே சொன்னார்: “இவ்வளவு வரியமாப் பச்சைக்கு ஒரு நல்ல கீப்பர் இல்லையெண்டு அழுதனீங்கள். ஆள் இஞ்சை சோபாவிலை இருந்திருக்கிறார்.”

அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. கடைசி நாள் ஆட்டம் முடிந்ததும் கொட் மீன் தலை, இறால், நண்டு எல்லாம் போட்டு, காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சி, எல்லாரும் வட்டமாக இருந்து குடிப்பது அந்த இரண்டு குடும்பங்களின் வழக்கம். யூஜின் குடிக்கவில்லை. அந்தக் கோல் கிடைக்கும்வரை இந்த வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டார். அவர் மனைவி மக்டலீன், கையில் எடுத்த கிண்ணத்தை மேசையில் திருப்பி வைத்துவிட்டுப் பின்னால் போனார்.

பந்து காயவில்லை. குளியலறையில் வைத்தால் தரையில் நீர் கட்டியது. கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் படிந்து, கட்டடப் பராமரிப்பாளர் வந்து குழாய்களைத் தட்டிப் பார்த்து, இது இங்குள்ள தண்ணீர் இல்லை என்று சொல்லிப் போனார். கீழ் வீட்டு ஆர்னே என்ற நோர்வேஜியர் வருடக்கணக்காக லிஃப்டில் ஒரு வார்த்தை பேசாதவர். அவர் முதல் முறையாக வாய் திறந்து, பிடித்த பந்தை உடனே திருப்பி எறிந்திருக்க வேண்டும், குறைந்தது வலது ஓரத்துக்காவது, என்றார். பிறகு அவரும் கோபமாகிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அது கோபம் என்று செபஸ்ரியனுக்கு விளங்கச் சில மாதங்கள் எடுத்தன.

அவர் திருப்பி எறியாமல் இல்லை. சனிக்கிழமைகளில் ஆட்டம் தொடங்கியதும் திரையை நோக்கி எறிந்தார். பந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பி மடு மாதா படத்தை உடைத்தது. அணியின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஒரு பெண் மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டு, அந்தப் பருவம் முடிந்துவிட்டது என்று சொன்னார். அதன்பின் புளோறன்ஸ் பந்தைப் பல்கனிக்கு அனுப்பினார். தை மாதம் அதைச் சுற்றிப் பனி உருகி, சீமெந்தில் ஒரு பாய் அளவுக்குப் புல் முளைத்தது. அதை வெட்டச் சொல்லிக் குடியிருப்புக் குழு இரண்டு முறை சொல்லியனுப்பியது.

ஒஸ்லோவிலும் சுற்றுவட்டத்திலும் பச்சை அணிக்கு விசுவாசமாக இருந்த தமிழர் பத்துப் பேருக்கு மேல் இல்லை. அத்தனை பேரும் யூஜினின் பக்கம் நின்றார்கள். கடையில் செபஸ்ரியனைக் கண்டால் மிளகாய்த்தூள் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். யூஜின் சொன்ன சொல்லைச் சொன்னபடியே காத்தார். நத்தாருக்கு வந்தபோது கார் தரிப்பிடத்தில் நின்று, கேக்கைக் கண்ணாடி வழியாகத் தங்கையிடம் கொடுத்தார். செபஸ்ரியனின் மகள் சோபிகா முதல் நற்கருணை எடுத்த அன்று கோவிலில் முன்வரிசையில் நின்றார், ஆனால் வீட்டு விருந்துக்கு ஏறவில்லை. புளோறன்ஸ் சோறும் கறியும் போட்ட தட்டைக் காருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார், வெறும் தட்டுடன் மேலே வந்தார். அன்று லிஃப்டில் அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தூஷணம் பேசினார். லிஃப்ட் நான்காம் மாடியில் நின்று, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு ஏறியது.

மேலே வந்து கணவனிடம் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “இந்த நாட்டிலை எனக்கெண்டு இருக்கிறது அண்ணை ஒராள்தான். அவரையும் சேர்த்தெல்லோ பிடிச்சு வைச்சிருக்கிறியள்.”

சமாதானம் பேசியது இரத்தினவேல். அவருடைய அணி அந்த வருடமும் வென்றிருந்ததால் மற்றவர்களின் துன்பத்தில் தலையிட அவருக்கு நேரம் இருந்தது. அவர் கண்ட வழி இது: கோல் விழ வேண்டிய பந்து கையில் இருக்கிறது, பிடித்த ஆளும் இருக்கிறார், ஆகவே விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தை முடிக்கலாம். யூஜின் அடிப்பார், செபஸ்ரியன் விடுவார், கணக்குத் தீரும். இரு பக்கமும் சம்மதித்தது. 2007 ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்தில் ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்த நேரத்தில், பாடசாலைக்குப் பின்னால் இருந்த, சரளைக்கல் பரப்பிய கிரவல் மைதானத்துக்குப் பச்சை அணியின் விசுவாசிகள் அத்தனை பேரும் வந்தார்கள். பலருக்குத் தொந்தி வைத்திருந்தது. கோலில் வலை இருக்கவில்லை. அதற்கு அப்பால் பேர்ச் மரங்கள் நின்றன.

யூஜின் அடித்தார். நல்ல அடி என்று சொல்ல முடியாது. செபஸ்ரியன் விடத்தான் நின்றார், அதை இரத்தினவேல் இன்றும் சத்தியம் பண்ணுவார். ஆனால் பந்து காலிலிருந்து புறப்பட்டதும் அவருடைய உடல் புறப்பட்டுவிட்டது. பிடித்துவிட்டார். யூஜின் மீண்டும் வைத்து அடித்தார், செபஸ்ரியன் மீண்டும் பிடித்தார். மூன்றாம் முறை இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், முழங்காலால் தடுத்தார். அதன்பின் மைதானத்தில் கோபம் ஏறியது. விசுவாசிகள் வரிசையில் நின்று ஒருவர் மாறி ஒருவர் அடித்தார்கள். நிலத்தில் இருந்த உறைபனி உருகி, கிரவல் ஆவி விட்டது. இத்தனை நாளும் தலை குனிந்து திரிந்த செபஸ்ரியனுக்கும் இப்போது கோபம் வந்துவிட்டது. ஒவ்வொரு பந்தையும் பிடித்து, அடித்தவரின் காலடிக்கே உருட்டிவிட்டார்.

“விடுறன் எண்டு சொன்னனியெல்லோ” என்றார் யூஜின். அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது.

“விட்டுக்குடுத்து வாற கோல் ஒரு கோலே? அடியுங்கோ. அடிச்சுப் போடுங்கோ. ஒருத்தருக்கும் அடிக்கத் தெரியாது, அதாலைதான் உங்கடை அணியும் இறங்கினது.”

“உங்கடை அணியோ? அப்ப உன்ரை அணி எது?”

செபஸ்ரியன் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு யாருக்கும் அடிக்க மனம் வரவில்லை, போகவும் மனம் வரவில்லை.

அந்த நேரம் புளோறன்ஸ் வந்தார். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து, வேலைச் சப்பாத்தோடு நேரே வந்திருந்தார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. முகங்களைப் பார்த்தார். போய்க் கணவனின் கையிலிருந்த பந்தைப் பிடுங்கினார்.

“அண்ணை, தள்ளுங்கோ.”

“நீ என்ன செய்யப்போறாய், பிள்ளை?”

“எனக்கு இரண்டரை வரியக் கோபம் கிடக்கு. தள்ளுங்கோ.”

அவர் கால்பந்து அடித்ததில்லை. ஆனால் கோபம் வந்தால் கணவன் எந்தப் பக்கம் சாய்வார் என்பதைக் கலியாணம் கட்டிய நாளிலிருந்து பார்த்து வந்தவர். வாய்த்தர்க்கத்திலும் படுக்கையிலும் செபஸ்ரியன் இடப்பக்கம்தான் திரும்புவார். புளோறன்ஸ் பெருவிரலால் ஒரு குத்து விட்டார். பந்து வேகமாகப் போகவில்லை, செபஸ்ரியனின் வலப்பக்க மூலைக்கு நிலத்தோடு உருண்டது. செபஸ்ரியன் இடப்பக்கம் சாய்ந்துவிட்டு, அந்தரத்திலேயே திரும்பி, முழு நீளத்துக்கும் பாய்ந்தார். விரல் நுனி படவில்லை. கன்னத்தில் கிரவல் ஏறி இரத்தம் வந்தது. அவர் விட்டுக்கொடுத்தார் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பந்து கோட்டைத் தாண்டிப் பேர்ச் மரங்களுக்குள் போனது. எல்லாரும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

அன்று மாலை தொலைக்காட்சியின் எழுத்துப் பக்கத்தில் 2005 மே ஆட்டத்தின் முடிவு ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தது. கோலடித்தவர் இடத்தில் புளோறன்ஸ் என்று போட்டிருந்தது. இரண்டு பருவமாகக் கீழ்ப்பிரிவில் ஆடி வந்த பச்சைக்காரர் அடுத்த சனிக்கிழமை மேல்பிரிவில் ஆடினார்கள். இங்கிலாந்தில் இதை யாரும் பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை. அட்டவணை அப்படித்தான் இருக்கிறது, ஆட்டங்கள் அதன்படி நடந்தன. அவர்களுக்குப் பதிலாகத் தப்பியிருந்த அணி அன்றிரவே இறங்கிவிட்டது. அதற்கு ஒஸ்லோவில் ஒரே ஒரு விசுவாசி இருந்தார், ஒரு பேருந்து ஓட்டுநர். அவர் சில கிழமைகள் ஸ்டோவ்னருக்கு வந்து ஒன்பதாம் மாடியைப் பார்த்துக் கத்தினார். புளோறன்ஸ் பல்கனியிலிருந்து முழுவதையும் கேட்டுவிட்டு, ஓம், உங்கள் கோபம் நியாயமானது என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். பிறகு ஓட்டுநர் வருவதை நிறுத்திவிட்டார்.

யூஜின் அந்தக் கோல் கிடைத்த சனிக்கிழமையே வாசற்படியை மிதித்தார். மன்னிப்பு எதுவும் கேட்கப்படவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: பச்சைக்காரர் கோலை நெருங்கும்போது செபஸ்ரியன் தன் கைகள் இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டிருக்க வேண்டும். செபஸ்ரியன் அப்படியே இருந்து பழகினார். வீட்டுக்கு வருபவர்களும் அதை விசித்திரமாக எண்ணவில்லை, சிலர் தாங்களும் கையை அப்படி வைத்துக்கொண்டார்கள். 2008 பங்குனியில் ஓர் ஆட்டத்தில் எதிரணி பச்சையின் கோலை நோக்கி அடித்தது. பந்து காற்றில் இருக்கும்போதே யூஜின் சோபாவில் ஏறி நின்று, கையை எடு மச்சான், இதைப் பிடி, என்று கத்தினார். செபஸ்ரியன் கையை எடுக்கவில்லை. கோல் விழுந்தது. பிடிக்கக் கூடாத பந்தைப் பிடித்தவன் பிடிக்க வேண்டிய பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று யூஜின் சொல்ல, களவு செய்ய வேறு ஆளைப் பார் என்று செபஸ்ரியன் சொல்ல, மின்சாரம் போடாமலே கேத்தல் கொதிக்கத் தொடங்கியது. புளோறன்ஸ் அதில் எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார். யூஜின் இரவுச் சாப்பாடு வரை இருந்து சண்டை பிடித்தார், அடுத்த நாள் தொடர்வதற்காக அங்கேயே படுத்துக்கொண்டார்.