பொக்லைனில் இருந்தவன்

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே கலையரசி ஓட ஆரம்பித்தாள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கண்ணெரிச்சலோடு திரும்பினால், கால்வாய்க்கரை முழுக்கப் போலீஸ். கரையோர வீடுகளைக் காலி செய்வது பற்றி அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று தாசில்தார் சொன்னதை நம்பி, ஆண்கள் பலரும் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு அன்னம்மாளின் முன்சுவர் சரிந்து கிடந்தது. புழுதிக்குள்ளே எங்கேயோ குக்கர் விசிலடித்தது.

"கேஸக்கூட மூட வுடல கலை!" என்று கத்தினாள் அன்னம்மாள். அவள் புருஷன் சாமுவேல் இடிபாட்டுக்குள் தவழ்ந்துபோய் சிலிண்டரை மூடிவிட்டு இருமிக்கொண்டே வந்தார்.

பொக்லைன் அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பியது. அது கலையரசியின் வீடு. கைகோத்து நின்ற பெண்களைப் போலீஸ் இழுத்துக்கொண்டிருந்தபோது, அவள் நடுவில் நுழைந்து ஓடி, தாழ்ந்திருந்த மண்ணள்ளும் பக்கெட்டுக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

"இடிக்கிறதா இருந்தா என்னையும் சேத்து இடி!"

சொல்லிக்கொண்டே டிரைவரை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி வாலாஜாபாத்தில் குடியிருக்கும் அவள் தம்பி சந்தோஷ்குமார்.

"டேய்... நீயாடா?"

"அக்கா, கால்வாய் தூர்வார்ற வேலைன்னுதான் கூப்ட்டாங்க. சத்தியமா. இங்க வந்தப்புறம்தான் தெரியும்."

"தெரிஞ்சும் அன்னம்மாக்கா வூட்ட இட்ச்சிட்டு இன்னும் ஒக்காந்துக்கினு இருக்கிற?"

கீழேயிருந்து கான்ட்ராக்டர், "வண்டிய எடுடா!" என்று அதட்டினார். சந்தோஷ்குமார் இன்ஜினை அணைத்தான். இறங்கி வந்து சாவியைக் கால்வாய்ச் சேற்றில் விட்டெறிந்தான்.

அவனை ஜீப்பில் தள்ளிக் கொண்டுபோனார்கள். வேறு டிரைவர் கிடைப்பதற்குள், வேலைக்குப் போன ஆண்கள் ஒவ்வொருவராக ஓடிவந்து மெயின் ரோட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் ஏறியதும் தாசில்தாரே வந்து போலீஸ் படையைத் திருப்பி அனுப்பினார். சொன்ன நாளில் பேச்சுவார்த்தை நடக்கும், அதுவரை யார் வீட்டையும் தொடமாட்டோம் என்று மைக்கிலேயே சொன்னார்.

சாயங்காலம் தெருவே ஸ்டேஷனுக்குப் போனது. முன்னால் போய் நின்றவள் அன்னம்மாள்.

"சார், அவன் இட்ச்சது எங்க வூட்டத்தான். நானே அவன் மேல கம்ப்ளெய்ன்ட் குடுக்கல. நீங்க எதுக்குப் புட்ச்சி வெச்சிக்கினு இருக்கீங்க?"

எழுதி வாங்கிக்கொண்டு அவனை வெளியே விட்டார்கள். வெளியே வந்த சந்தோஷ்குமார், "அக்கா" என்றான். கலையரசி நின்ற இடத்திலேயே நின்றாள். அன்னம்மாள்தான் அவன் தோளைப் பிடித்து முன்னால் நடத்திக்கொண்டு போனாள்.