நானூற்றைம்பது குதிரைகளும் ஓர் ஐஸ் பெட்டியும்

கூரைமேல் நின்றுகொண்டு பொய் சொல்லக் கூடாது. நாம் இறங்கி வருவதற்குள் அது ஏணிக்கடியில் வந்து நின்றுகொண்டிருக்கும். நெப்ராஸ்காவில் முப்பது வருடமாகக் கூரைகளுக்குத் தார் ஓடு அடிக்கிற டெல்மர் ப்ரோக்குக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி ஹாலிஸ், "என்னய்யா, நேத்து ரேஸ் எப்படி?" என்று கேட்கும்போதெல்லாம் அவனுடைய வாய் அவனைக் கேட்காமலே பதில் சொல்லிவிடும்.

"எவன் கிட்ட வர்றான்?"

அந்தப் பந்தயத்தில் கிட்ட வருவது, முந்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் போகும். கடிகாரத்தோடுதான் போட்டி. கூம்பைத் தட்டினால் ஒன்றுக்கு இரண்டு விநாடி கூடும். அவ்வளவுதான் சட்டம். இடைஞ்சல் பண்ண ஒருவரும் இல்லாத இடத்தில் ஒவ்வொரு தடவையும் கடைசியில் வருவதற்குத் தனித் திறமை வேண்டும். அது டெல்மரிடம் இருந்தது.

அவனுடைய கார் கறுப்பு. எட்டு சிலிண்டர், நானூற்றைம்பது குதிரைத்திறன். சாவியைத் திருகினால் அடுத்த தெரு நாய்கள் எழுந்து நிற்கும். பலம் இருந்தால் மற்றதெல்லாம் தானே வந்து சேரும் என்பது அவனுடைய கொள்கை. ஆளும் அதற்கேற்ற மாதிரிதான்: நூற்று முப்பது கிலோ. மற்றவர்கள் ஓட்டுக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறும்போது அவன் இரண்டாகத் தூக்குவான். மேலே போய் இரண்டு ஆளுக்கு உண்டான மூச்சு வாங்குவான் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, அவனும் எடுத்துக்கொள்வதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிடும்போது ஹாலிஸ் சொன்னான்: "ஞாயித்துக்கிழமை நாங்க மூணு பேரும் வர்றோம். நீ ஜெயிக்கிறத ஒரு தடவையாவது கண்ணால பாக்கணும்ல."

டெல்மர் கடித்த ரொட்டியைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்தான்.

அவர்கள் கூட்டத்தில் தொட்டி என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு, யாருக்கும் ஞாபகமில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் உளுத்த பலகை உடைந்து நேராக ஒரு வீட்டுக் குளியல் தொட்டிக்குள் விழுந்தான். அன்றிலிருந்து தொட்டிதான். அவன் பெண்டாட்டிகூட போனில் "தொட்டி இருக்காரா?" என்றுதான் கேட்கிறாள். கூரை வேலையில் ஒருவனுக்குப் பெயர் விழுந்தால் கல்லறையில்கூட அதைத்தான் வெட்டுவார்கள். டெல்மருக்கு இதுவரை ஒரு பெயரும் விழவில்லை. முப்பது வருடமாக அவன் காப்பாற்றி வைத்திருந்த ஒரே சொத்து அது. ஞாயிற்றுக்கிழமை அது போய்விடும்போல் இருந்தது.

ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அந்தப் பந்தயத்தை நடத்துகிற கிளப்பில் எல்லா வாரமும் முதலில் வருகிறவள் ஆர்டிஸ் என்ற பள்ளிக்கூட பஸ் டிரைவர். அவளுடையது மஞ்சள் நிறத்தில், கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன ஜப்பான் கார். சத்தம் தையல் மிஷின் மாதிரி. அவள் டெல்மரைப் பார்க்கும்போதெல்லாம், "நீ குதிரைய சேத்துக்கிட்டே போற. நான் மூட்டைய இறக்கிக்கிட்டே வர்றேன்" என்பாள். சரி, மூட்டையை இறக்கிப் பார்ப்போம் என்று முடிவு செய்தான். சனிக்கிழமை இரவு சாப்பிடவில்லை. ஞாயிறு காலையிலும் சாப்பிடவில்லை. எடை பார்க்கிற மிஷினில் ஏறி நின்றான். முள் அசைந்த மாதிரி இருந்தது. உற்றுப் பார்க்கக் குனிந்ததால் அசைந்திருக்கிறது.

ஓடுதளத்தில் காலையிலேயே எல்லோரும் காரைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அது அங்கே வழக்கம். ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, குழந்தை உட்காருகிற நாற்காலி, மிதியடி என்று ஒவ்வொரு காருக்குப் பக்கத்திலும் ஒரு குவியல் கிடக்கும். வீடு காலி பண்ணுகிற தெரு மாதிரி இருக்கும். டெல்மரும் தன் டிக்கியிலிருந்து ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிப் பெட்டி, மூன்று பெட்டி ஆணி, எப்போது போட்டான் என்று அவனுக்கே தெரியாத ஒரு மூட்டை சிமெண்ட் எல்லாவற்றையும் இறக்கி வைத்தான்.

ஆர்டிஸ் வந்து குவியலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"பரவாயில்லயே. இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

"என்னது?"

"டிரைவர்."

முதல் பாதி நாள் அவனுக்குக் கூம்பு வேலை. ஓட்டாத நேரத்தில் எல்லோரும் வெயிலில் நின்று, மற்றவர்கள் தட்டிவிடுகிற கூம்புகளை ஓடிப்போய் எடுத்து, சுண்ணாம்புக் கட்டியால் வரைந்த கட்டத்துக்குள் திரும்ப வைக்க வேண்டும். பணக்காரன், டாக்டர், எவனானாலும் சரி. டெல்மர் இரண்டு கக்கத்திலும் கூம்பை இடுக்கிக்கொண்டு ஓடிவருகிற நேரம் பார்த்துத்தான் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் வந்து வேலிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"யோவ் டெல்மர்! ரேஸ்ல உனக்கு இந்த வேலையா?" என்று கத்தினான் தொட்டி.

"எல்லாரும் செய்யணும்யா! வழக்கம்!"

"அது சரி. நல்லாத்தான் பொறுக்கற."

"போய் என் காருக்கிட்ட உக்காருங்க. வந்துடறேன்."

அவர்கள் போனார்கள். அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது. கூரை வேலைக்காரன் தரையில் சாமான் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். மேற்கே ஒரு கறுப்பு மேகம் தெரிந்தால் போதும். ஆணி முதல் ஏணி வரை வண்டிக்குள் போயாக வேண்டும். அது யாரும் சொல்லி வருவதில்லை, கை தானாகச் செய்வது. அன்றைக்கு மேற்கே மேகம் இருந்தது. மூவரில் மெலிந்த, சுறுசுறுப்பான எஸ்டெபான்தான் முதலில் குனிந்தான். பாவம், நல்ல பையன். ஐந்து நிமிடத்தில் ஸ்டெப்னி, ஜாக்கி, ஆணி, சிமெண்ட் எல்லாம் பழையபடி டிக்கிக்குள் போயிற்று. அவர்கள் கொண்டுவந்த பெரிய ஐஸ் பெட்டியும், சாசேஜும் சோடாவும் நிறைய, நிழலாக இருக்கட்டும் என்று மேலே ஏறியது. மூடியை அமுக்கிச் சாத்தினார்கள்.

டெல்மரின் முறை வந்துவிட்டது. அவன் கூம்புகளுக்கிடையிலிருந்து ஓடிவந்து, தலைக்கவசத்தை மாட்டி, காருக்குள் விழுந்தான். பசியில் கண் மங்கியது. குவியல் இருந்த இடத்தில் தொட்டி நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

கொடி அசைந்தது. மிதித்தான்.

முதலில் புகைதான் கிளம்பியது. நானூற்றைம்பது குதிரைகளும் நின்ற இடத்திலேயே நின்று மண்ணைக் கிளறின. பிறகு ஒரே பாய்ச்சல். முதல் வளைவில் வலது பக்கம் திருப்பினான். கார் கொஞ்சம் யோசித்தது. நேராகவே போகலாம் என்று பட்டது போலிருக்கிறது, போனது. முதல் கூம்பு பறந்தது. இடது பக்கம் திருப்பினான்; பின்னால் எதுவோ தடாலென்று மோதியது. வலது பக்கம் திருப்பினால் இன்னொரு தடால். அச்சு முறிந்துவிட்டது என்று நினைத்தான். வால் முந்திக்கொண்டது. கார் சுழன்று, ஐந்தாறு கூம்புகளை வாரி விழுங்கி, புறப்பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

சிவப்புக் கொடி காட்டினார்கள். பாதுகாப்பு பார்க்கிற ஆள் வந்து டிக்கியைத் திறந்தான். உள்ளே ஆணிகள் சோடாவில் நீந்திக்கொண்டிருந்தன. சிமெண்ட் மூட்டை கிழிந்து சாசேஜின் மேல் மாவு தூவியிருந்தது.

மைக்கில் நேரம் அறிவிக்கிற கர்ட்டுக்கு அன்றைக்குக் கிறிஸ்துமஸே வந்துவிட்ட மாதிரி. "மக்களே, காருக்குள்ள ஒரு ஐஸ் பெட்டி இருக்கு. சாப்பாட்டோட வந்திருக்காரு. அவசரம் ஒண்ணுமில்ல அவருக்கு."

ஓடுதளம் முழுக்கச் சிரித்தது. எஸ்டெபான் முகம் வெளிறி ஓடிவந்தான். "மழை வர்ற மாதிரி இருந்துச்சு, அதான்..."

"விடுப்பா. தப்பில்ல," என்றான் டெல்மர். உள்ளுக்குள் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. ஒரு நல்ல சாக்கு கிடைத்துவிட்டதே.

ஆனால் அது ஒரு ஓட்டத்துக்குத்தான் உதவியது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு இன்னும் மூன்று தடவை ஓட்டினான். பாரம் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை. அவனும் அந்தக் காரும் மட்டும்தான். ஐம்பத்தெட்டு விநாடி. அப்புறம் ஐம்பத்தேழு, ஆனால் இரண்டு கூம்பு. அப்புறம் மறுபடி ஐம்பத்தெட்டு. நேரம் எழுதுகிற பலகையில் ஆர்டிஸ் நாற்பத்தாறோடு மேலே இருந்தாள். டெல்மர் ப்ரோக் என்ற பெயரைக் கண்டுபிடிக்க ஹாலிஸ் விரலை மேலிருந்து இறக்கிக்கொண்டே வந்தான். பலகை முடிகிற இடத்தில் விரல் நின்றது.

"எவன் கிட்ட வர்றான்னு சொல்லுவியே," என்றான் மெதுவாக. "நெசந்தான். ஒருத்தனும் உன் கிட்ட வரல. அம்புட்டு பேரும் முன்னாடி போய்ட்டானுங்க."

தொட்டி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பதினோரு வருடமாகக் காத்திருந்த சிரிப்பு. "ஐஸ் பெட்டி! இனிமே உம்பேரு ஐஸ் பெட்டிதான்யா!"

பெயர் விழுந்துவிட்டது. ஆணி இறங்குகிற மாதிரி, ஒரே அடியில்.

"கார் சரியில்ல," என்றான் டெல்மர். அவன் குரலே அவனுக்குக் கேட்கச் சகிக்கவில்லை. "டயர் பிடிக்கல. இன்னும் கொஞ்சம் பவர் இருந்திருந்தா..."

ஆர்டிஸ் பக்கத்தில்தான் உருளைக்கிழங்கு சாலட் தின்றுகொண்டிருந்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் போட்டாள்.

"போட்டி முடிஞ்சாச்சு. இப்ப யாரு யாரு காரை வேணா ஓட்டிப் பாக்கலாம். இந்தா. நூத்திப் பதினாறு குதிரைதான். அதுவும் வயசானது."

டெல்மர் சாவியைப் பார்த்தான். இதுவரை அவனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு கறுப்புக் கார் இருந்தது. கார் சரியில்லை என்று எத்தனை வருடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டிருக்கலாம். எல்லா வாரமும் ஜெயிக்கிற காரில் ஏறி, அதிலும் ஐம்பத்தெட்டு வந்தால்? அப்புறம் சரியில்லாதது எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். பெயர் போனால் போகட்டும். ஓட்டவே தெரியாதவன் என்று ஆகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"பயமா இருக்கா?" என்றாள் ஆர்டிஸ்.

"உன் காருக்குத்தான் பயமா இருக்கும்."

அவன் அதற்குள் ஏறியதைப் பார்க்க ஒரு கூட்டமே கூடியது. மெத்தையைப் பரண்மேல் ஏற்றுகிற மாதிரி, முதலில் ஒரு கால், பிறகு இடுப்பு, பிறகு ஹாலிஸ் தோளைப் பிடித்து அமுக்க, மற்றதெல்லாம். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இரு புறமும் காவல் நின்றன. கார் ஒருமுறை முனகி, அவன் பக்கமாகச் சாய்ந்துகொண்டது.

கொடி அசைந்தது. மிதித்தான். புகை இல்லை. பாய்ச்சலும் இல்லை. என்னடா இது, கிளம்பிவிட்டதா இல்லையா என்று பார்ப்பதற்குள் முதல் வளைவு வந்தது. திருப்பினான்.

திரும்பியது.

அவ்வளவுதான். வாக்குவாதம் இல்லை. நினைத்த இடத்தில் மூக்கு இருந்தது, மூக்கு போன வழியில் வால் வந்தது. அடுத்த கூம்பு, அதற்கடுத்தது, இடம், வலம், இடம். அந்தக் கூம்புகளுக்கு நடுவில் நேரான பாதை என்று இருந்ததே இரண்டு வீட்டுக் கூரை நீளம்தான். அதில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு என்ன செய்ய? அவிழ்த்த கையோடு பிடித்துக் கட்டவே நேரம் சரியாக இருக்கும். இந்த வண்டிக்குக் கட்டவும் வேண்டாம், அவிழ்க்கவும் வேண்டாம். வேகத்தைக் குறைக்கவே தேவையில்லாதபோது வேகம் கூட்ட எதற்குப் பலம்?

எஸ்டெபான் ஞாபகம் வந்தது. அவன் எப்போதும் ஒரே ஒரு ஓட்டுக் கட்டுதான் தூக்குவான். டெல்மர் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்திருக்கிறான். அந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு முகட்டில் பூனை மாதிரி திரும்பி ஓடுவான் அவன். சாயங்காலம் பார்த்தால் அவன் பக்கம்தான் அதிகமாக ஓடு ஏறியிருக்கும். இதை இத்தனை வருடம் எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று டெல்மர் யோசித்தான். வளைவுக்கு நடுவில் யோசித்தான். ஒரு கூம்பு போயிற்று.

"நாப்பத்தொம்போது!" கர்ட்டின் குரல் உடைந்தது. "ஒரு கூம்பு. ஆனா, மக்களே... ஐஸ் பெட்டி, நாப்பத்தொம்போது!"

வேலியோரம் எஸ்டெபான்தான் முதலில் விசிலடித்தான்.

ஆர்டிஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். "உன்னையும் தூக்கிக்கிட்டு நாப்பத்தொம்போதா? என் கார் தெய்வம்யா."

ஹாலிஸ் நடந்து வந்து கதவில் சாய்ந்தான். தூரத்தில் நிற்கிற கறுப்புக் காரைப் பார்த்தான். இந்த மஞ்சளைப் பார்த்தான். "அப்போ ஓட்டத் தெரியாதவன் நீ இல்ல."

"ம்."

"கார் வாங்கத் தெரியாதவன்."

டெல்மருக்கு வாயை மூடி வைத்திருப்பதே பெரிய வேலையாக இருந்தது. அது தானாக விரிந்துகொண்டு போனது. இரண்டு வருடமாக ஒருத்தரும் கிட்ட வர முடியாத ஓட்டக்காரன் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்ததில், சுமாராக ஓட்டக்கூடியவன் என்கிற உண்மையை அவன் கவனிக்கவே இல்லை.

"சரி, எறங்கு," என்றாள் ஆர்டிஸ். "என் சாவி."

"முடியல."

"என்ன முடியல?"

"முட்டி மாட்டிக்கிச்சு."

தொட்டியும் எஸ்டெபானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். டெல்மர் ஒரு அங்குலமும் நகரவில்லை. மூஞ்சியில் மட்டும் ரொம்ப முயற்சி பண்ணுகிற மாதிரி வைத்துக்கொண்டான். ஆர்டிஸ் குனிந்து பார்த்தாள். கால்கள் பெடல்களின் மேல் வாகாக உட்கார்ந்திருந்தன. ஒரு கை கியரில் இருந்தது.

"விடுங்கய்யா அவரை," என்றாள் அவள் மற்றவர்களிடம். கடிகாரம் பிடிக்கிற மேஜையைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. கூம்ப தட்டினா நீயே போய் எடுத்து வைக்கணும். சொல்லிட்டேன்."

கொடிக்காரன் கொடியை எடுத்தான். டெல்மர் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளிக்கொண்டான். அதனால் எடை குறையாது என்று தெரியும். ஆனாலும் தள்ளிக்கொண்டான்.