எல்லாரும் புத்தகத்தோடு வந்த பரீட்சை

தபால் சேவைக்கு ஆள் எடுக்கும் பரீட்சையின் பாடத்திட்டம் டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊருக்கு வந்து சேர்ந்த அன்று, கிருபாமலர் அதைச் சமையலறை மேசையில் விரித்து, சுருண்டுவிடாமல் மூலைகளில் தேநீர்க் கோப்பைகளை வைத்தாள். கணவன் செல்வராஜா அகராதியோடு ஒரு பக்கம் உட்கார்ந்தான். பக்கத்து வீட்டு இன்பமலர், அடுப்பில் கறியை விட்டுவிட்டு வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள்.

அது எண்பத்தாறாம் ஆண்டின் வசந்தம். டென்மார்க் முழுவதும் ஒரே நாளில் நடக்கும் அரசாங்கப் பரீட்சை. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எழுத முடியாது. கிருபாமலருக்கு முப்பது நடந்துகொண்டிருந்தது. இந்த முறை தவறினால் அவளுக்கு இன்னொரு முறை கிடையாது.

ஊரில் அவள் சாவகச்சேரித் தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவள். இங்கே வந்த நாளிலிருந்து தொழிற்சாலையில் பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மூடி போட்டாள். அந்த வேலையை அவள் ஒருநாளும் குறைத்து நினைத்ததில்லை. கைக்கு வேலை தந்த ஆண்டவருக்குக் காலைதோறும் நன்றி சொன்னாள். ஆனாலும் மஞ்சள் சைக்கிளில் தபால்காரர் போகும்போதெல்லாம் அவள் கண் அவர் பின்னாலேயே போய்விடும்.

"நாலு பகுதி இருக்கு," என்றான் செல்வராஜா. "முதலாவது டெனிஷ் எழுத்து. ரெண்டாவது, கடிதம் பார்சல் எல்லாத்தையும் எந்த வழியாலே அனுப்புறது எண்டது. மூன்றாவது மனக்கணக்கு. பின்னேரம் வாய்மொழிப் பரீட்சை. அதுக்குக் கேள்வியை நீரே சீட்டெடுக்க வேணும்."

"சீட்டோ? கோயில் விற்பனை விழாவிலே எடுக்கிற மாதிரியோ?" என்றாள் இன்பமலர். "பரிசா என்ன வரும், அண்ணை?"

"பொறும். இஞ்ச ஒண்டு போட்டிருக்கு." செல்வராஜா அகராதியைப் புரட்டினான். ஒரு தடவை வாசித்தான். மறுபடி வாசித்தான். "ரெண்டாம் பகுதிக்கு உதவிப் பொருள் எல்லாம் கொண்டு வரலாமாம்."

"உதவிப் பொருள் எண்டால்?"

"புத்தகம். தபால் இலக்கப் புத்தகம், கப்பல் நேர அட்டவணை, என்னவும்."

கிருபாமலர் சிரிக்கவில்லை. "பரீட்சை மண்டபத்துக்குள்ளே புத்தகமோ? இஞ்சருங்கோ, வடிவாப் பாருங்கோ. கொண்டு வரக் கூடாது எண்டுதான் இருக்கும்."

"வரலாம் எண்டுதான் இருக்கு."

"அப்ப அண்ணையையும் கொண்டுபோங்கோ அக்கா," என்றாள் இன்பமலர். "அவரும் ஒரு உதவிப் பொருள்தானே."

"இவரோ? இவர் உபத்திரவப் பொருள்."

"சரி. உபத்திரவம் நாளைக்குத் தேத்தண்ணி போட்டுத் தராது," என்றான் செல்வராஜா.

அடுப்பில் கறி அடிப்பிடிக்கும் மணம் சுவரைத் தாண்டி வந்ததும் இன்பமலர் எழுந்து ஓடினாள். ஆனால் கிருபாமலரின் மனம் அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டது. பள்ளி நாளில் ஊரில் எழுதிய சாதாரண தரப் பரீட்சையில் அவளுக்கு முன்னால் இருந்த பிள்ளையின் சட்டைக்கையிலிருந்து ஒரு துண்டுத் தாள் விழுந்தது. அந்தப் பிள்ளையை மண்டபத்தின் நடுவால் நடத்திக்கொண்டு போனார்கள். கேட்டுக்கு வெளியே நின்ற தாய் கத்திய சத்தம் இன்றும் கிருபாமலரின் காதில் இருந்தது. புத்தகம் கொண்டு போகலாம் என்று டெனிஷ்காரர் எழுதியிருந்தால் எழுதட்டும். அவளுக்கு அது ஒரு சோதனை.

"கர்த்தர் தந்த ஞாபகம் போதும்," என்றாள். "நான் பாடமாக்கிறன்."

அன்றிலிருந்து நாட்டிலுள்ள ஊர்களையும் அவற்றின் தபால் இலக்கங்களையும் அவள் ஞானப்பாட்டு மெட்டில் பாடத் தொடங்கினாள். மூடி போடும்போது பாடினாள். உருளைக்கிழங்கு உரிக்கும்போது பாடினாள். ஞாயிறு ஆராதனையில் இரண்டாவது பாட்டு வந்தபோது இன்பமலர் வாய் தவறி, "எட்டாயிரம் ஓகூஸ், ஒன்பதாயிரம் ஓல்போர்க்" என்று பாடிவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

செல்வராஜா வேலையிடத்தில் விசாரித்துவிட்டு வந்தான். "எல்லாரும் கொண்டுபோறவையாம், மலர். கோப்பியும் கொண்டுபோகலாமாம். கொண்டுபோறதிலே என்ன பாவம்?"

"மற்றவை பார்த்து எழுதட்டும். நான் எழுதினால் என்ரை தலையாலேதான் எழுதுவன்."

அது நேர்மைதான். ஆனால் நேர்மையின் பக்கத்தில் பெருமையும் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது உண்டு. இரண்டும் ஒரே நிறத்தில் உடுத்தியிருந்தால் நமக்கு இலகுவில் வித்தியாசம் தெரிவதில்லை.

பரீட்சை ஓகூஸில், ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. காரில் மூவரும் போனார்கள். இன்பமலர் தொழிற்சாலையில் லீவு எடுத்து, றோல்ஸ் பொரித்துக் கொண்டு வந்திருந்தாள். இறங்கும்போது பையைத் திறந்து பார்த்த கிருபாமலர், கணவன் உள்ளே வைத்திருந்த தபால் இலக்கப் புத்தகத்தையும் கப்பல் அட்டவணையையும் எடுத்து ஆசனத்தில் வைத்தாள். பேனையை மட்டும் கொண்டு போனாள்.

மண்டபத்துக்குள் போனவள் ஒரு கணம் திகைத்து நின்றாள். எல்லா மேசைகளிலும் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. ஒருவர் சுடுநீர்க் குடுவையைத் திறந்து கோப்பி ஊற்றினார். இன்னொருவர் கறுப்புப் பாணைக் கடித்துக்கொண்டே அட்டவணையில் கோடு போட்டார். மேற்பார்வைக்கு இருந்த வெள்ளைத் தலைமுடி அம்மையார் முன்னால் உட்கார்ந்து நீலக் கம்பளி நூலில் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். இது பரீட்சையா, சுற்றுலாவா என்று அவளுக்குத் தோன்றியது.

முதலாம் பகுதி நன்றாகப் போயிற்று. இரண்டாம் பகுதியின் தாளைத் திருப்பி, மேலிருந்து கீழ்வரை வாசித்தாள்.

ஊரும் இலக்கமும் கேட்கவே இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கிரின்ஸ்டெட்டில் கொடுக்கும் பார்சல், ஒரு சின்னத் தீவுக்குப் போக வேண்டும். எந்த ரயில், எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல், எப்போது போய்ச் சேரும்? இப்படியே கேள்விகள். ஞாபகம் எவ்வளவு பெரிதானாலும் ஞாயிற்றுக்கிழமைக் கப்பலின் நேரம் அதில் இருக்கப் போவதில்லை. பாடமாக்கிய பாட்டு முழுவதையும் அவள் மனதுக்குள் பாடிப் பார்த்தாள். அதில் ஒரு கப்பலும் ஓடவில்லை.

வேண்டிய புத்தகங்கள் வெளியே காருக்குள் கிடந்தன. இந்த முறைதான் கடைசி முறை. அவள் கண்ணை மூடி, "ஆண்டவரே" என்றாள்.

கண்ணைத் திறந்தபோது மேசையின் ஓரத்தில் ஒரு புத்தகம் இருந்தது. பக்கத்து மேசைப் பெண், தவிட்டு நிறக் கூந்தலை இரட்டைப் பின்னலாகக் கட்டியிருந்தவள், தன் கப்பல் அட்டவணையை அங்கே தள்ளி வைத்திருந்தாள். அவளுடைய மேசையில் ஒட்டியிருந்த தாளில் கிர்ஸ்டன் என்று பெயர் இருந்தது.

கிருபாமலர் புத்தகத்தை விரல் நுனியால் திரும்பத் தள்ளினாள். கிர்ஸ்டன் மறுபடி இந்தப் பக்கம் தள்ளினாள். இவள் அந்தப் பக்கம் தள்ளினாள். கிர்ஸ்டன் புருவத்தை உயர்த்தி, கொஞ்சம் பலமாகவே தள்ளினாள். புத்தகம் தரையில் விழுந்து சத்தம் போட்டது.

பின்னல் ஊசிகள் நின்றன. அம்மையார் எழுந்து வந்தார். கிருபாமலர் ஊரில் பழகியபடியே கதிரையை விட்டு எழுந்து நேராக நின்றாள்.

"அது என்னுடையது இல்லை. நான் பார்க்கவில்லை," என்றாள் டெனிஷில்.

"ஏன் எழுந்து நிற்கிறீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டார் அம்மையார். "உங்கள் புத்தகம் எங்கே?"

"கொண்டு வரவில்லை."

"ஏன்?"

"எங்கள் நாட்டில் அது களவு."

அம்மையார் சிரித்துவிடுவார் என்று அவள் நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து புத்தகத்தை எடுத்து, தூசி தட்டி, கிர்ஸ்டனைப் பார்த்தார். "உனக்கு வேண்டாமா?"

"அந்தக் கேள்விகளை நான் முடித்துவிட்டேன்," என்றாள் கிர்ஸ்டன்.

அம்மையார் அட்டவணையைக் கிருபாமலரின் மேசையில் விரித்து வைத்தார். "தபால் கந்தோரில் வேலை செய்கிறவர்கள் இதைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். பார்க்காமல் செய்தால் பார்சல் வேறு தீவுக்குப் போய்விடும். உட்காருங்கள்."

கொடுக்கும்போது நமக்குக் கை நீளுகிறது. வாங்கும்போதுதான் கூசுகிறது. அந்த மேசையில் இருந்தது ஒரு கப்பல் அட்டவணை மட்டும்தான். ஆனாலும் அதைத் தொட ஒரு கணம் பிடித்தது அவளுக்கு. எத்தனை பேருக்கு எத்தனை செய்தவள்! புதிதாக வந்த குடும்பங்களுக்கு அரிசி கொடுத்தவள், போர்வை கொடுத்தவள். ஒருவரிடமும் ஒன்றும் வாங்காமல் இருப்பதையே பரிசுத்தம் என்று நினைத்திருக்கிறாள். கிர்ஸ்டன் தலையைச் சாய்த்து, 'எடுங்கள்' என்பது போல் கண்ணைச் சிமிட்டினாள்.

கிருபாமலர் எடுத்தாள்.

பிறகு நடந்தது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. ரயில் நேரமும் கப்பல் நேரமும் சேர்ந்திருந்த நிரல்களைப் பார்த்ததும் விரல் தானாகவே ஓடியது. சாவகச்சேரியில் ரயில் அட்டவணை பார்த்த அதே விரல். ரயில் வந்தது, துறைமுகம் வந்தது, கப்பல் புறப்பட்டது. பார்சல்கள் ஒவ்வொன்றாகத் தீவுகளில் போய் இறங்கின. கடைசிக் கேள்வி முடிந்தபோது தான் புன்னகைத்துக்கொண்டிருப்பதை அவள் உணர்ந்தாள். புத்தகத்தை மூடி, கிர்ஸ்டனின் மேசையில் இரண்டு கைகளாலும் வைத்தாள்.

மனக்கணக்கு முடிந்து, பின்னேரம் வாய்மொழிப் பரீட்சை. சீட்டெடுத்தாள். 'கடிதம் பிந்தி வந்தது என்று ஒருவர் கோபமாக வருகிறார். என்ன செய்வீர்கள்?' என்று இருந்தது.

"முதலில் அவரை உட்காரச் சொல்லுவேன்," என்றாள். "பிறகு அவருக்கு முன்னாலேயே புத்தகத்தைத் திறந்து பார்ப்பேன். எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டேன்."

பரீட்சகர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளை வெளியே அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டு, எழுந்து நின்று கைகுலுக்கினார்கள். இந்த நாட்டில் பெறுபேற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை; காலையில் எழுதிய தாள்களையும் அதற்குள் திருத்தியிருந்தார்கள். அவள் சித்தியடைந்திருந்தாள்.

நடைபாதையில் கிர்ஸ்டன் நின்றாள். அவளும் சித்தியடைந்திருந்தாள். கிருபாமலர் அவளைக் கட்டிப்பிடித்தாள். இரட்டைப் பின்னலும் சேலைத் தலைப்பும் சிக்கிக்கொள்ள, இருவரும் சிரித்தபடியே பிரித்தெடுத்தார்கள்.

வெளியே காருக்குப் பக்கத்தில் நின்ற இருவருக்கும் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. இன்பமலர் "அல்லேலூயா" என்று போட்ட சத்தத்தில் சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்து, அவரும் கை அசைத்தார். மிஞ்சியிருந்த றோல்ஸ் கிர்ஸ்டனின் கைக்குப் போயிற்று. ஒன்றைக் கடித்து, உறைப்பில் கண் கலங்கி, அடுத்ததையும் கடித்தபடி அவள் பேருந்துக்குப் போனாள்.

கார் புறப்பட்டதும் செல்வராஜா கேட்டான்: "மலர், றாங்க் எத்தினையாம்?"

"இஞ்ச றாங்க் இல்லையாம். பாஸ் எண்டால் பாஸ்தான்."

"றாங்க் இல்லையோ? அப்ப ஊருக்கு என்னெண்டு எழுதுறது? உம்மடை அப்பா கட்டாயம் கேட்பார்."

"முதலாம் ஆள் எண்டு எழுதிவிடுங்கோ அண்ணை," என்றாள் பின்னாலிருந்த இன்பமலர். "ஆர் வந்து பார்க்கப் போகினம்?"

"பொய் எழுதாதேங்கோ." கிருபாமலர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். பேருந்துத் தரிப்பில் இரட்டைப் பின்னல் தெரிந்தது. அதை நோக்கிக் கையை ஆட்டினாள். "நான் பாஸ் எண்டு எழுதுங்கோ. பக்கத்திலே இருந்த பிள்ளையும் பாஸ் எண்டு எழுதுங்கோ."